தெருவுக்கே ஒரு விரல்

நெட்டுக்குப்பத்துக்கு ஆரோக்கியம் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஏசி வண்டியில். முதலில் பேனர் இறங்கியது. பேனரைப் பிடிக்க இரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாக, பேனரில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம், நேரில் சற்றுச் சிக்கனமான சிரிப்போடு இறங்கி, கழிமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றை ஒருமுறை முகர்ந்து, கைக்குட்டையை எடுத்தது. 'நலக்கரம்' அறக்கட்டளையின் தலைவர்.

வலை பின்னும் கொட்டகையில் மேடை போட்டிருந்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு சுகர் மிஷின், எல்லாம் இலவசம். விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டு வைத்தால் மிஷின் அளந்து செல்போனுக்குச் சொல்லும். செல்போன் ஊருக்கே சொல்லும். அளவு சரியாக இருந்தால் திரை பச்சை. கொஞ்சம் ஏறினால் மஞ்சள். அதற்கும் மேலே போனால் சிவப்பு, கூடவே தொழிற்சாலைச் சங்கு மாதிரி ஒரு ஊளை.

"இதுவரை மருத்துவமனையைத் தேடி நீங்கள் போனீர்கள். இனி மருத்துவமனை உங்கள் உள்ளங்கையில்!" என்றார் தலைவர்.

"உள்ளங்கைலயா?" என்றாள் பின்வரிசையில் குப்பம்மா, மடியிலிருந்த மீன்கூடையை இறக்காமலே. "அப்ப மாத்திரைக்கு கியூ எங்க நிக்கிறது, கைமுட்டி கிட்டயா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ரேகா, சிரிப்பை முந்தானைக்குள் விட்டாள். ரேகாவுக்கு முப்பதைத் தாண்டிய வயது. புருஷன் வீடு சரிப்படாமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, விம்கோ நகரில் ஒரு தையல் யூனிட்டில் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் போனைப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். அதனால் அப்பாவின் சர்க்கரைக்கு அவள்தான் காப்பாளர் என்று மேடையிலேயே பெயர் எழுதிக்கொண்டார்கள்.

அப்பா தேசப்பன், அர்ஜுனின் ஃபைபர் போட்டில் வெகுகாலமாக வலை இழுப்பவர். சர்க்கரையும் வெகுகாலமாக இருந்தது. தூரத்துச் சொந்தக்காரனைப் போல அதை நடத்தினார்: எதிரே வந்து நின்றால் 'நல்லாக்கீறியா' என்பார், போன பிறகு நினைப்பதில்லை. தலைவர் முன்னிலையில் அவர் விரலில் குத்தி மிஷினில் வைத்ததும் திரை சிவந்து ஊளையிட்டது.

"பார்த்தீர்களா, கண்டுபிடித்துவிட்டோம்!" என்றார் தலைவர் மைக்கில், பதுங்கியிருந்த திருடனைப் பிடித்த பெருமிதத்தோடு. ஊருக்கே அந்தத் திருடனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கைதட்டினார்கள்.

முன்வரிசையில் படகு உரிமையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைதட்டவில்லை. போன மழைக்காலத்தில், நடுக்கடலில் ஒரு சர்க்கரைக்காரன் மயங்கி வலைமேலேயே சரிந்து, வலையை அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. எவன் எப்போது விழுவான் என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு, தெய்வமே கலர் பார்த்து அனுப்பிய மாதிரி இருந்தது.

மறுநாள் கரையில் அர்ஜுன் போட்டின் மூக்கில் கற்பூரம் ஏற்றினான். எல்லோரும் செருப்பைக் கழற்றி மணலில் விட்டுவிட்டு வந்தார்கள். போட்டில் யாரும் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. அது கோயிலுக்குச் சமம். தேசப்பன் ஏறப் போனார்.

"மாமா, போனு எங்க?"

"வூட்ல கீதுடா."

"எடுத்தாந்து காட்டு. பச்சையா கீதா பாக்கணும்."

"போனைக் காட்டி மீன் புடிக்கப் போறியா நீ? ஒங்கப்பன் காலத்துல இந்த போட்டுக்கு பெயின்ட் அடிச்சவன்டா நான்."

"அதுக்குத்தான் மாமா சொல்றேன்." அர்ஜுன் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். "அங்க நீ வுழுந்தீன்னா உன்னத் தூக்குறதா, வலையத் தூக்குறதா? என்ன வுட்ரு. பச்சை வந்துச்சின்னா ஏறு. சிவப்புனா வூட்ல ரெஸ்ட் எடு."

தேசப்பன் வீட்டில் ரெஸ்ட் எடுத்தார். அதாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க, குப்பம்மா குழம்பில் போட்ட மீன் துண்டை ஒதுக்கிவிட்டு வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். கேட்டால், "கடலுக்குப் போறவனுக்குப் போடு" என்றார். அந்த வீட்டில் கடலுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். மாத்திரை ஒழுங்காகப் போட்டார், நாஷ்டாவைக்கூடக் குறைத்துக்கொண்டார். சிவப்பு மஞ்சளாகக்கூட மாறவில்லை. செல்போன் மட்டும் தினமும் காலையில், செய்தி வாசிக்கும் அம்மாள் குரலில் பேசியது.

"அன்பார்ந்த பயனாளி அவர்களே. பாதங்களைப் பேணுங்கள். வெறுங்காலுடன் ஒருபோதும் நடக்காதீர்கள்."

"செருப்பு போட்டுக்கினு போட்ல ஏறச் சொல்றாம்மா இவ," என்றார் தேசப்பன் சுவரிடம். "அதுக்குப் பேசாம போட்டையே செருப்பாப் போட்டுக்கலாம்."

வாரக் கடைசியில் அவர் அதற்குப் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டார். திட்டுவதை நிறுத்திய தேசப்பனை ரேகா அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் அதிகாலை, அவர் விரலைப் பிடித்துக் குத்தப் போனவள், ஒரு நிமிடம் நின்று, தன் விரலில் குத்திக்கொண்டாள். தையல்காரிக்கு ஊசி புதிதில்லை. ஒரு பொட்டை எடுத்துப் பட்டையில் வைத்தாள். திரை, மழை பெய்த மறுநாள் புல்வெளி மாதிரிப் பச்சையானது.

"வாழ்த்துகள்! உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது."

தேசப்பன் திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"இது தப்பு இல்ல நைனா? ஒருநாளைக்கு மட்டும். நீ கரைக்குப் போயி..."

"இதுல இன்னாம்மா தப்பு?" சுவரை விட்டு எழுந்தார் அவர். "ஒன் ரத்தம் யாரு குடுத்தது? நான் குடுத்தது. எங்கிட்டேந்து ஒங்கிட்ட போச்சி, அத்த நீ திருப்பிக் காட்ற. மிஷினுக்கு ரத்தம் வோணும், குடுத்தாச்சி. அது இன்னா, யாரு விரலுன்னு கேட்டுதா?"

மிஷின் கேட்கவில்லைதான். கரையில் அர்ஜுனும் கேட்கவில்லை. பச்சையைப் பார்த்தான், தேசப்பன் முகத்தைப் பார்த்தான், தேசப்பனுக்குப் பின்னால் விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்ற ரேகாவைப் பார்த்தான்.

"பச்சை கீது. அவ்ளோதான் எனிக்கு. யாரோட பச்சைனு நான் கேக்கல. ஏறு மாமா."

நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டில் மீன் வறுத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். பச்சை மட்டும் மறைந்துவிடுமா? இரண்டு நாளில் பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் வந்து நின்றார், கையில் போன், முகத்தில் வெட்கம். "எம்மா ரேகா, ஒரு பொட்டு. எம் போட்டு ஓனரும் காமின்றான்." அவருக்குப் பின்னால் அவர் மச்சான். மச்சானுக்குப் பின்னால், கடலுக்கே போகாத, ஆனால் சிவப்பு வந்தால் அறக்கட்டளை ஆள் தெருவில் வந்து நின்று மைக்கில் புத்தி சொல்கிறான் என்று பயந்த பெண்கள். யாருக்கும் அது பொய் என்று தோன்றவில்லை. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு வாங்குவதில்லையா, அந்தக் கணக்கு. ரேகாவிடம் நல்ல ரத்தம் உபரியாக இருக்கிறது, தெருவுக்கு இல்லை. இருக்கிறவள் கொடுக்க வேண்டியதுதான்.

யூனிட்டுக்குக் கிளம்புமுன் ரேகா வாசலில் உட்கார, எதிரே மிஷின்கள் வரிசையாக வந்தன, லாரித் தண்ணிக்குக் குடம் வைப்பது மாதிரி. ஒரு விரல் வலித்தால் அடுத்த விரல். விரல் நுனிகள் காய்த்துப் போயின. காலர் மடிக்கும்போது துணி நழுவியது. வாங்கிப் போனவர்கள் சும்மா வாங்கிப் போகவில்லை. வடசென்னையில் நன்றி என்றால் வாயில் போடும் பொருள். ஒருத்தி அதிரசம், ஒருத்தி ஜிலேபி, ஆசீர்வாதம் தினமும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. மறுத்தால், "எங்க ரத்தத்தைக் காப்பாத்துறவ, ஒடம்பைப் பாத்துக்க வோணாமா? துன்னு!" என்று அதட்டினார்கள்.

நகரத்தில் எங்கோ ஏசி அறையில், சுவர் அகலத் திரையில், நெட்டுக்குப்பம் பச்சையாகிக்கொண்டே வந்தது. அறக்கட்டளையின் களப்பணி அலுவலர் வெற்றி, கழுத்தில் அடையாள அட்டை ஊஞ்சலாட, பைக்கில் வந்து இறங்கினான்.

"தமிழ்நாட்டுலயே இப்படி ஒரு ரிசல்ட் எங்கயும் இல்லைங்க! எல்லாருக்கும் ஒரே மாதிரி கன்ட்ரோல்! எப்படிங்க?"

"ஒத்துமைதான் சார்," என்றாள் குப்பம்மா, மீனின் செதிலைச் சீவிக்கொண்டே.

வெற்றி அதை அப்படியே எழுதிக்கொண்டான். சர்க்கரை கட்டுப்பட்டதைக் கொண்டாட ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்திருந்தான். அதில் பாதி ரேகாவுக்குப் போனது.

இதெல்லாம் எங்காவது ஓரிடத்தில் நிற்கும் என்று ரேகா நினைத்தாள். நிற்கவில்லை, ஏனென்றால் தேசப்பன் நம்பத் தொடங்கிவிட்டார். முதலில் பச்சை அர்ஜுனுக்குக் காட்ட. பிறகு பச்சை அவருக்கே. தினமும் காலையில் ஒரு நல்ல குரல் 'வாழ்த்துகள்' என்று சொன்னால் எந்த மனுஷன்தான் எத்தனை நாள் மறுப்பான்? ஒருநாள் அது சொன்னது: "உங்கள் அளவுகள் தொடர்ந்து சீராக உள்ளன. மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்." தேசப்பனுக்கு வாக்கியத்தின் முன்பாதி போதும். மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். லட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நைனா! அது என் ரத்தம் நைனா. ஒன்னுது இல்ல. ஒனிக்கு இன்னும் சிவப்புதான்."

"சும்மா பேஜார் பண்ணாத பாப்பா. ஒனிக்கு இருக்கறது எனிக்கு இருக்காதா? மரம் எப்டியோ அப்டித்தான காய்? காய் நல்லா கீது, மரத்துல இன்னா பூச்சியா?" கையை ஆட்டிக் காட்டினார். "பாரு. வலையே இழுக்கறேன்."

வலை இழுத்தார். உண்மைதான். கழிமுகத்தில் போட்டைத் தள்ளும்போது கருஞ்சேற்றுக்குள் ஏதோ சிப்பி காலைக் கிழித்ததும் உண்மை. அது அவருக்குத் தெரியாததும் உண்மை. அவர் பாதத்துக்கு வலி தெரியாமல் போய் வெகுநாளாகியிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடந்த அந்தச் சேற்றை, கரையேறியதும் கடல் தண்ணியில் அலசிவிட்டு வந்து தூங்கினார். போட்டில் ஏறும்போது செருப்பில்லை, இறங்கும்போதும் இல்லை. செய்தி வாசிக்கும் அம்மாள் தினமும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

அதை முதலில் கண்டுபிடித்தது குப்பம்மாவின் மூக்கு. ஆனால் தப்பாகக் கண்டுபிடித்தது.

"எங்கயோ நெத்திலி அழுவிக் கெடக்குதுடி," என்று இரண்டு நாளாகக் கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஐஸ் பெட்டியைக் கழுவினாள். பூனை எதையாவது இழுத்துப் போட்டிருக்கும் என்று கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். மீன் வாசனையே காற்றாக இருக்கிற வீட்டில் எது அழுகல், எது வாழ்க்கை என்று பிரிப்பது சுலபமில்லை. மூன்றாம் நாள், கட்டிலில் நீட்டிப் படுத்திருந்த புருஷனின் கால்மாட்டில் குனிந்தவள், நிமிரவே இல்லை.

"ரேகா," என்றாள். குரலில் சத்தமே இல்லை. "இங்க வந்து பாருடி."

இடது கால் பெருவிரலிலிருந்து பாதி பாதம் வரைக்கும் கருத்துப் பளபளத்தது, தார் தடவின மாதிரி.

"வலிக்குதா நைனா?"

"எது?" என்றார் தேசப்பன்.

நலக்கரத்தில் பாத மருத்துவத்துக்கென்றே ஒரு சிறப்பு வண்டி உண்டு, ஸ்பெஷலிஸ்ட் உண்டு. மேடையில் தலைவர் சொல்லியிருந்தார். சிவப்பு வந்த பயனாளி பொத்தானை அழுத்தினால் வண்டி வாசலுக்கு வரும். ரேகா, மாதக்கணக்கில் முதல்முறையாக, அப்பாவின் விரலில் குத்தினாள். அப்பாவின் ரத்தத்தை வைத்தாள். திரை சிவந்து ஊளையிடும் என்று காத்திருந்தாள். வாழ்க்கையில் யாரும் சிவப்புக்கு அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

திரை சிவந்தது, ஆனால் ஊளை வரவில்லை, பொத்தானும் வரவில்லை. செய்தி வாசிக்கும் அம்மாள் பரிவோடு பேசினாள்.

"இந்த அளவு உங்கள் வழக்கமான அளவுகளோடு ஒத்துப்போகவில்லை. இனிப்பைத் தொட்ட விரலாக இருக்கலாம். சோப்பு போட்டுக் கழுவி, மீண்டும் பரிசோதிக்கவும்."

சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி குத்தினாள். மறுபடியும் அதே பரிவு. மூன்றாவது முறை, "இன்றைய பரிசோதனை வரம்பு முடிந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றது. பொய்யை இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்ததால், அது இப்போது வீட்டுக்காரனாகி, உண்மையை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தது.

வெற்றிக்குப் போன் போட்டாள். வந்தான். காலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான். அவனிடம் ரேகா எல்லாவற்றையும் சொன்னாள்: அப்பாவுக்கு, ஆசீர்வாதத்துக்கு, தெருவுக்கு. தன் பத்து விரலையும் நீட்டிக் காட்டினாள்.

வெற்றிக்கு முகம் வெளுத்தது. கழுத்து அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

"அக்கா, நீங்க இத என்கிட்ட சொல்லல. நான் கேக்கல."

"சொன்னனே இப்ப?"

"சொல்லல. வர்ற வெள்ளிக்கிழமை உங்க ஊருக்கு 'பச்சைக் கிராமம்' விருது. டெல்லிலேர்ந்து ஆள் வர்றாங்க. இத இப்ப வெளிய சொன்னா திட்டமே நின்னுடும், தெருவுல யாருக்கும் மாத்திரைகூட வராது. நல்லதுக்குச் சொல்றேன். அன்னிக்கு மேடைக்கே பாத ஸ்பெஷலிஸ்ட் வர்றாரு. அப்பாவக் கூட்டிட்டு வாங்க, நானே நேரா காட்டி, அன்னிக்கே அட்மிட் பண்ணிடறேன். நாலு நாள்தான. கட்டு போட்டு வைங்க."

ரேகா பெரியாஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றாள். தேசப்பன் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா அர்ஜுனு ஆள மாத்திடுவான். சாரு சொல்றாருல்ல? ஸ்பெஷலிஸ்ட் வர்றாராம்ல? நாலு நாள்ல இன்னா ஓடியா பூடும் காலு?" குப்பம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணி சுற்றினாள். ரேகா அன்றைக்கு அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பளபளப்பு.

வெள்ளிக்கிழமை மேடையில் தேசப்பனை நடுநாயகமாக உட்கார வைத்தார்கள், முன்மாதிரிப் பயனாளி. காலுக்கு மேல் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்று போதாமல் இரண்டு. ஸ்பெஷலிஸ்ட் நேரில் வரவில்லை. வீடியோவில் வந்தார், திரையில், பேனர் அளவுக்கு. "தினமும் உங்கள் பாதங்களைக் கண்ணாடியில் பாருங்கள்..." என்று தொடங்கியவர், வாய் பாதி திறந்தபடி அப்படியே உறைந்து போனார். நெட்டுக்குப்பத்தில் டவர் கிடைப்பது அப்படி. ரேகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையோரம் போய் வெற்றியின் கையைப் பிடித்தாள்.

"சார், காட்டுங்க சார். அந்த டிவிலயாவது காட்டுங்க."

"இருங்கக்கா, நெட் வரட்டும்."

தலைவர் தேசப்பன் பக்கத்தில் குனிந்தார். குனிந்தவர் மூக்கு சுருங்கியது. ஆனாலும் பேச்சாளர், சமாளித்துக்கொண்டார். "கடலின் மணம் கமழும் இந்த எளிய மனிதர்..." என்று ஆரம்பித்து, கமழ்தலைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிவிட்டு மைக்கை அவரிடம் நீட்டினார். "சொல்லுங்கள் ஐயா. உங்கள் வெற்றியின் ரகசியம்?"

தேசப்பனுக்குக் காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். எல்லாம் எம் பொண்ணு ரத்தம்."

ரேகா வெற்றியின் கையை விட்டாள். வெற்றி கண்ணை மூடிக்கொண்டான். அர்ஜுன் கீழே பார்த்தான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஆஹா!" என்றார் தலைவர். "மகளின் பாசத்தை எவ்வளவு கவித்துவமாகச் சொல்லிவிட்டார்! படிக்காத மேதைகள்!"

டெல்லி ஆளுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். டெல்லி ஆளும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கைதட்டல் ஓயுமுன் தேசப்பன் பொன்னாடைகளோடு நாற்காலியிலிருந்து சரிந்தார். "உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்," என்று தலைவர் மைக்கில் விளக்கினார். அர்ஜுன்தான் மேடையில் தாவி ஏறித் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான்.

பெரியாஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு யாரையும் திட்டவில்லை. அதுதான் ரேகாவுக்குப் பயமாக இருந்தது.

"ஒரு நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா பாதி பாதத்தோட போயிருக்கும்மா," என்றார், எதையோ எழுதிக்கொண்டே.

முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

ரேகா யூனிட்டுக்குப் போகவில்லை, தெருவுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். இனி எவனுக்கும் ஒரு பொட்டு கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தாகம்தான் அடங்கவில்லை, எத்தனை பாட்டில் குடித்தாலும் தொண்டை மணலாகவே இருந்தது. ராத்திரியும் பகலும் மாறி மாறி முழித்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குப்பம்மா வரும்போதெல்லாம் தெருவின் சேதி கொண்டுவந்தாள். முதலில் 'கழுவிட்டு வா' என்று விரட்டிய மிஷின், இப்போது அதையே வழக்கமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகச் சிவந்து ஊளையிடுகிறதாம். ஆசீர்வாதத்தைப் போட்டில் ஏற்றவில்லையாம். ஊர் முகப்பில் 'பச்சைக் கிராமம்' பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம், அதன் பின்பக்கம் வலை காயப்போட வசதியாக இருக்கிறதாம்.

ஒருநாள் காலையில் அர்ஜுன் வந்தான், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. கால் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலே பேசினான்.

"மாமா, நான் யோசிச்சேன். வலை இழுக்கத்தான காலு வோணும்? இஞ்சினு புடிக்க எதுக்கு? பின்னாடி குந்திக்கினு சுக்கானத் திருப்பு. ஒன்ன மாதிரி இந்தக் கடலு தெரிஞ்சவன் எவன் கீறான்?"

தேசப்பன் தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அறுவைக்குப் பிறகு அவராக எழுந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"மெய்யாலுமா சொல்ற?"

"மெய்யாலும். ஆனா மத்தவனுங்க பயப்படுறானுங்க மாமா. பச்சைய மட்டும் காமிச்சுடு. அவனுங்களுக்குச் சொல்றதுக்கு எனிக்கு ஒண்ணு வோணுமில்ல?"

தேசப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார். தலையணைக்கடியிலிருந்து மிஷினை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். ஊரில் எல்லாமே அவரை விட்டுவிட்டுப் போன பிறகும் அதை மட்டும் குப்பம்மாவிடம் சொல்லி எடுத்து வரச் செய்திருந்தார்.

வேண்டாம் என்று சொல்ல ரேகா வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு ஞாபகம் வந்தது. மோதிர விரலில் குத்தி, ஒரு பொட்டை எடுத்து வைத்தாள்.

திரை சிவந்தது.

"இந்த அளவு உங்கள் வழக்கமான அளவுகளோடு ஒத்துப்போகவில்லை," என்றாள் செய்தி வாசிக்கும் அம்மாள். "சோப்பு போட்டுக் கழுவி..."

"ஹார்லிக்ஸ் பாட்டிலத் தொட்டியா?" என்றார் தேசப்பன் அவசரமாக. "கழுவிக்கினு வா. ஓடு."

வராந்தாக் குழாயில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். வந்து அடுத்த விரலில் குத்தினாள். சிவப்பு. பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு ரத்தம் இது?"

ரேகா விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"உன்னுதா? காலைல என்ன சாப்ட்ட?"

"இன்னும் டீகூடக் குடிக்கல சிஸ்டர்."

நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓபி சீட்டு போட்டுட்டு கீழ வந்து டாக்டரப் பாரு. இன்னிக்கே பாரு," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அர்ஜுன் எழுந்தான். "சரி மாமா, நாளைக்கு... அப்புறமா பாத்துக்கலாம்," என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். ரேகாவின் போன் அடித்தது. அம்மா.

"எப்ப வர்ற வூட்டுக்கு? வாசல்ல ஆளுங்க வந்து நிக்கிறாங்கடி. ஒரே ஒரு பொட்டு குடுத்தா போட்டு ஏறிடுவேன்னு ஆசீர்வாதம் அழுவுறாரு. இன்னா சொல்லட்டும்?"

"போவச் சொல்லு."

"எங்கடி போவாங்க?"

ரேகா போனை அணைத்தாள். தேசப்பன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. வார்டுக்குள் செருப்பு கூடாது என்று வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். ஈரத் தரையில், உடைந்த மருந்துக் குப்பியின் துணுக்கு ஒன்று மினுங்கிக் கிடக்க, அதற்குப் பக்கத்தில் அவள் பாதம் வெறுமையாக இருந்தது.

"செருப்பு போட்டுக்கினு வா, பாப்பா," என்றார். "கால்ல எதுனா குத்திடப் போவுது."